ஓடிடி சந்தாவைத் தொடர்வதா, நிறுத்துவதா: வீட்டுக் கணக்கு போடும் முறை

சென்னையில் பத்து நாள்களுக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பம் எதுவாக இருந்தாலும், பெட்டி கட்டுவதற்கு முன்பே பால் போடுபவரிடமும் பேப்பர் போடுபவரிடமும் 'திரும்பி வந்து சொல்கிறோம், அதுவரை வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறது. தண்ணீர் கேன் கொண்டுவருபவருக்கும் ஒரு வார்த்தை போய்விடும். அரை லிட்டர் பால் வீணாகக் கூடாது என்பதில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கும் அதே வீட்டில், மூன்று மாதங்களாக யாரும் திறந்துகூடப் பார்க்காத ஓடிடி செயலி ஒன்றுக்கு மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருக்கும். எடுக்காத பால் பாக்கெட் வாசலில் கிடந்து கண்ணை உறுத்தும்; பார்க்காத சந்தா எங்கேயும் கிடந்து உறுத்துவதில்லை.

ஒரு சந்தாவைத் தொடரலாமா என்று யோசிக்கும்போது பலரும் அந்தச் செயலி நல்லதா, மோசமானதா என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் முடிவுக்கு வர முடியாது, ஏனெனில் பெரிய செயலிகள் எல்லாவற்றிலும் ஓர் ஆயுள் முழுவதும் பார்த்தாலும் தீராத அளவு சரக்கு இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு: கடந்த மூன்று மாதங்களில் நம் வீட்டில் யார், எதை அதில் பார்த்தார்கள், அது வேறு வழியில் கிடைத்திருக்குமா, அடுத்த மூன்று மாதங்களிலும் அந்தத் தேவை இருக்கிறதா? சந்தாவை வீட்டு வாடகை போலப் பார்க்காமல் பால் அட்டை போலப் பார்க்கத் தொடங்கினால், அதாவது வேண்டும்போது போடச் சொல்லி வேண்டாதபோது நிறுத்தச் சொல்லும் பொருளாகக் கருதினால், மற்றவை எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்தான்.

பணம் எந்த வழியாகப் போகிறது

எதை நிறுத்தலாம் என்று யோசிப்பதற்கு முன், எதற்கெல்லாம் கட்டுகிறோம் என்பது தெரிய வேண்டும். இது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பணம் ஒரே வழியில் போவதில்லை. ஒன்று கணவரின் கிரெடிட் கார்டில் இருக்கும், இன்னொன்று மனைவியின் யூபிஐ ஆட்டோபேயில் இருக்கும், மூன்றாவது கல்லூரிக்குப் போகும் மகளின் கைபேசியில் கூகுள் பிளே வழியாகப் போகும், நான்காவது பிராட்பேண்ட் பில்லுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருடைய கைபேசிகளையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

யூபிஐ செயலிகளில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், நீங்கள் ஒப்புதல் கொடுத்துள்ள தொடர் கட்டணங்கள் அனைத்தும் பட்டியலாக வரும். ஆன்ட்ராய்டு கைபேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற வரி இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ் பக்கத்தில் உங்கள் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' கிடைக்கும். கார்டு வழியாகப் போவதை வங்கிச் செயலியிலும் ஸ்டேட்மென்டிலும்தான் பிடிக்க வேண்டும். ஸ்டேட்மென்டைப் பார்க்கும்போது மூன்று மாதத்தோடு நின்றுவிடாமல் பதின்மூன்று மாதங்களுக்குப் பார்க்க வேண்டும். ஆண்டுச் சந்தா வருடத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் தலைகாட்டும் என்பதால், பன்னிரண்டு மாதம் பார்த்தாலும் ஓரிரு நாள் வித்தியாசத்தில் அது தப்பிவிடக்கூடும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். மேற்கு மாம்பலத்தில் எங்களோடு இருக்கும் அப்பா, ஒரு கிரிக்கெட் தொடருக்காக ஒரு செயலியில் ஆண்டுச் சந்தா போட்டிருந்தார். தொடர் முடிந்தது, பழைய கைபேசி பழுதாகிப் புதியது வந்தது, புதியதில் அந்தச் செயலியை யாரும் ஏற்றவே இல்லை. ஆனாலும் அதற்கடுத்த இரண்டு நவம்பர்களிலும் பணம் தவறாமல் பிடிக்கப்பட்டிருந்தது. முன்னறிவிப்பு வரவில்லையா என்று தேடியபோது, நகைக்கடன் விளம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கு அப்பால் மனை விற்கும் விளம்பரத்துக்கும் இடையில் அந்தக் குறுஞ்செய்தி பத்திரமாக இருந்தது.

அந்த முன்னறிவிப்பு நிறுவனத்தின் பெருந்தன்மையால் வருவதன்று. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் வந்தாக வேண்டும். அதில் விலகுவதற்கான வழியும் இருக்க வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான வழக்கமான பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படுவதில்லை. ஓடிடி சந்தாக்கள் எல்லாம் இந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பதால், முதல்முறை ஒப்புதல் கொடுத்த பிறகு உங்களைக் கேட்காமலேயே அவை நடந்துகொண்டிருக்கும். அந்த ஒரு குறுஞ்செய்தி மட்டுமே உங்கள் கதவைத் தட்டும் ஓசை.

ஒரே பொருளுக்கு இரண்டு முறை கட்டுவது

பட்டியல் கையில் வந்ததும் முதலில் தேட வேண்டியது இரட்டைக் கட்டணத்தை. சென்னையில் பிராட்பேண்ட் நிறுவனங்களும் கைபேசி நிறுவனங்களும் தங்கள் திட்டங்களோடு ஓடிடி சந்தாக்களைச் சேர்த்தே விற்கின்றன. வேளச்சேரியில் வீடு மாறி வந்த ஒருவர் புதிய இணைப்பு வாங்குகிறார், அந்தத் திட்டத்திலேயே இரண்டு செயலிகள் வருகின்றன, ஆனால் அவற்றுக்குப் பழைய கார்டில் தனியாகப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. திட்டத்தோடு வரும் சந்தா தானாக இயங்கத் தொடங்குவதில்லை. பெரும்பாலும் நிறுவனத்தின் செயலிக்குள் சென்று அதை இயக்க வேண்டும். அந்த வேலையை யாரும் செய்யாததால்தான் இரண்டும் இணையாக ஓடுகின்றன.

ரீசார்ஜோடு வரும் சந்தாவை நம்பித் தனிச் சந்தாவை நிறுத்துமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படி வருபவற்றில் பல கைபேசியில் மட்டும் இயங்கும் வகையைச் சேர்ந்தவை. கூடத்தில் இருக்கும் டிவியில் அவை ஓடாது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் தினமும் போய்வரும் ஒருவருக்கு அது போதும். இரவு உணவுக்குப் பின் நால்வர் சேர்ந்து உட்காரும் வீட்டுக்குப் போதாது.

'இலவசமாக வருகிறது' என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்கவும் வேண்டாம். அதே வேகம் உடைய, ஓடிடி சேராத திட்டத்தின் விலை என்ன என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் அந்தச் சந்தாக்களுக்குக் கட்டும் உண்மையான தொகை. பதினைந்து செயலிகள் என்று விளம்பரத்தில் எண்ணிக்கை பெரிதாக இருக்கும். அவற்றில் பதின்மூன்றின் பெயரை நம் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

யார் எதைப் பார்த்தார்கள்

இந்த வேலையில் மிகுந்த நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். நினைவை நம்பாதீர்கள், நாம் பார்த்ததாக நினைப்பதற்கும் உண்மையில் பார்த்ததற்கும் இடைவெளி பெரிது. நெட்ஃபிளிக்ஸில் கணக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் பார்த்தவற்றின் பட்டியல் தேதியோடு இருக்கிறது. அமேசான் பிரைம் வீடியோவின் அமைப்புகளிலும் பார்வை வரலாறு உண்டு. மற்றவற்றில் 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையே ஓரளவு கதையைச் சொல்லிவிடும். பத்து நிமிடம் ஓடி நின்ற படங்கள் அந்த வரிசையில் அடுக்கடுக்காக இருந்தால், அந்தச் செயலியில் நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்களே தவிரப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று பொருள்.

பட்டியலை எடுத்த பிறகு, கட்டணத்தைப் பார்த்த மணி நேரத்தால் வகுத்து 'மணிக்கு ஐந்து ரூபாய்தான்' என்று தேற்றிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பழைய நகைச்சுவைக் காட்சிகள் நாற்பது மணி நேரம் இருக்கலாம். குடும்பமே கண் இமைக்காமல் பார்த்த படம் இரண்டரை மணி நேரம்தான் இருக்கும். மணிக்கணக்கு முதலாவதை உயர்த்திக் காட்டும். அதைவிட நல்ல சோதனை, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் எதிரிலும் 'இதற்காகத் தனியாகப் பணம் கொடுத்திருப்போமா' என்று எழுதிப் பார்ப்பது. கொடுத்திருப்போம் என்று மனமறிந்து சொல்லக்கூடியவை மூன்று மாதத்தில் குறைந்தது மூன்று இல்லையென்றால், அந்தச் சந்தா பழக்கத்தால் நடக்கிறது, தேவையால் நடக்கவில்லை.

திரையரங்கோடு ஒப்பிடுவதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. சென்னையின் மல்டிபிளெக்ஸ்களில் ஒரு டிக்கெட் ஏறக்குறைய 190 ரூபாய். நால்வர் போனால் டிக்கெட்டுக்கே 760 ரூபாய், அதன் மேல் முன்பதிவுக் கட்டணமும் வண்டி நிறுத்தமும் பாப்கார்னும் சேரும். ஆகவே மாதம் ஒரு படம் பார்த்தால்கூட ஓடிடி லாபம் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீட்டில் பார்க்கக் கிடைத்த அந்தப் படத்துக்கு நீங்கள் உண்மையிலேயே திரையரங்குக்குப் போயிருப்பீர்களா? போயிருக்க மாட்டீர்கள் என்றால் 760 ரூபாய் மிச்சமாகவில்லை. சந்தாத் தொகை செலவாகியிருக்கிறது. எதைச் செய்திருப்பீர்களோ அதனோடுதான் ஒப்பிட வேண்டும், அது கேபிளில் வரும்வரை காத்திருப்பதாக இருந்தாலும் சரி.

கேபிள் என்றதும் தொடர்களின் கணக்கு வருகிறது. சன் டிவியின் தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவியின் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழின் தொடர்கள் ஜீ5-இலும் கிடைக்கின்றன. வீட்டில் கேபிள் இணைப்புக்கும் பணம் கட்டி, அதே தொடர்களுக்காகச் செயலிக்கும் பணம் கட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. இதை உடனே வீண் என்று தள்ளிவிட முடியாது. மாலை ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கும் ஒருவருக்கு, அந்தத் தொடரை ஒன்பதரை மணிக்கு நிம்மதியாக உட்கார்ந்து பார்க்க முடிவது பணம் கொடுத்து வாங்கத் தகுந்த வசதிதான். அப்படிப்பட்ட வீட்டில் நிறுத்த வேண்டியது ஒருவேளை செயலியாக இல்லாமல் கேபிளாக இருக்கலாம். ஆனால் செய்திச் சேனல்களையும் பக்திப் பாடல்களையும் ரிமோட்டின் எண்ணை அழுத்திப் பார்த்துப் பழகிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கேபிளை வெட்டும் முடிவைச் சிறியவர்கள் மட்டும் கூடி எடுக்கக் கூடாது.

தமிழ்ப் படம் எங்கே இருக்கிறது

'புதுத் தமிழ்ப் படங்களுக்காக வைத்திருக்கிறோம்' என்பது நான் அதிகம் கேட்கும் காரணம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் திரையரங்கில் வெளியான நான்கு வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்கு எட்டு வார இடைவெளி வழக்கமாக இருக்கிறது. ஆனால் எந்தப் படம் எந்தச் செயலிக்குப் போகும் என்பது தயாரிப்பாளர் யாருக்கு டிஜிட்டல் உரிமையை விற்றார் என்பதைப் பொறுத்தது. ஒன்று நெட்ஃபிளிக்ஸுக்கும், அடுத்தது பிரைமுக்கும், மூன்றாவது ஜியோஹாட்ஸ்டாருக்கும், சிறிய படம் ஒன்று ஆஹா தமிழுக்கோ சன் நெக்ஸ்டுக்கோ போகும். எந்த ஒரு செயலியும் தமிழ் சினிமாவின் வீடு அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அறைதான். ஒரு செயலிக்கு ஆண்டு முழுவதும் கட்டுபவர், அந்த ஆண்டு பார்க்க விரும்பிய படங்களில் ஒரு பகுதியை மட்டுமே வாங்கியிருக்கிறார்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி மிகப் பழையது. ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தாளை ஒட்டி, செயலிகளின் பெயர்களைத் தலைப்பாக எழுதி, தவறவிட்ட படமோ பேசப்படும் தொடரோ எதில் வருகிறது என்று தெரிந்ததும் அதன் கீழ் குறித்துவைக்கிறோம். பல படங்களில் டிஜிட்டல் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது தொடக்க அட்டைகளிலும் விளம்பரங்களிலுமே தெரிந்துவிடும். ஒரு தலைப்பின் கீழ் நான்கு பெயர்கள் சேர்ந்ததும் அந்தச் செயலிக்கு ஒரு மாதம் பணம் கட்டுகிறோம். பார்த்து முடித்ததும் நிறுத்துகிறோம். அடுத்த மாதம் வேறொன்று. இதில் இழப்பது, வெளியான அன்று இரவே பார்க்கும் வாய்ப்பை மட்டும்தான். அலுவலகத்தில் திங்கட்கிழமை அந்தப் படத்தைப் பற்றிப் பேசுபவர்களிடம் 'முடிவைச் சொல்லிவிடாதீர்கள்' என்று கெஞ்ச வேண்டியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாள்காட்டியும் இதற்கு உதவும். பொங்கலுக்குத் திரையரங்குக்கு வந்த படங்கள் பிப்ரவரி நடுவிலும், தீபாவளிப் படங்கள் அதற்கடுத்த மாதத்திலும் செயலிகளுக்கு வந்து சேர்கின்றன. ஐபிஎல் மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதங்கள். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜியோசினிமாவில் கட்டணமின்றிக் கிடைத்த ஐபிஎல், 2025 பிப்ரவரியில் அந்தச் செயலியும் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆன பின் சந்தாவுக்குள் வந்துவிட்டது. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை இறங்கும் நாள்களுக்காக மட்டும் ஒருவர் பணம் கட்டுகிறார் என்றால், மூன்று மாதச் சந்தா அவருக்குப் போதும். பிக் பாஸ் தமிழும் ஏறத்தாழ நூறு நாள் விவகாரம். அதுவும் இரவு நிகழ்ச்சியை மட்டும் பார்ப்பவருக்கு விஜய் டிவியே போதும், இருபத்து நான்கு மணி நேரமும் அந்த வீட்டை எட்டிப் பார்க்க விரும்புபவருக்கே செயலி தேவை.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பொதுத்தேர்வு ஆண்டில் கேபிளையே துண்டிக்கும் மரபு நம்மூரில் உண்டு; ஆனால் கேபிளைத் துண்டித்த அப்பாக்கள் பலர் ஓடிடியை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் மறப்பதில்லை.

எந்தத் திட்டம், எவ்வளவு காலத்துக்கு

தொடர்வதென்று முடிவானாலும் இப்போதிருக்கும் திட்டத்திலேயே தொடர வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது அமைந்த படிகள் 149, 199, 499, 649 ரூபாய். முதலாவது கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். இரண்டாவது டிவியிலும் ஓடும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திரையில். மூன்றாவது இரண்டு திரைகளில் முழு எச்டி தரத்தில். நான்காவது நான்கு திரைகளில் 4கே தரத்தில். கூடத்தில் 32 அங்குல டிவியை வைத்துக்கொண்டு 4கே திட்டத்துக்குப் பணம் கட்டுவது, ஒண்டுக் குடித்தனத்துக்குக் கல்யாண மண்டபத்துப் பாத்திரம் வாங்குவது போன்றது. தரம் கூடினால் இணையமும் கூடுதலாகச் செலவாகும்; எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரையும் 4கேயில் மணிக்கு 7 ஜிபி வரையும் போகும் என்பதால், கைபேசி டேட்டாவை டிவியோடு இணைத்துப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

499 ரூபாய்த் திட்டத்தை ஆண்டு முழுவதும் வைத்திருந்தால் 5,988 ரூபாய். மேலே சொன்ன முறையில் ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டும் வைத்திருந்தால் 1,996 ரூபாய். நிறுத்திவிட்டுத் திரும்ப வந்தால் பழைய பட்டியலும் பாதியில் விட்ட இடமும் போய்விடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. நிறுத்திய பின்னும் பத்து மாதங்கள் வரை அந்த வரலாறு காத்துவைக்கப்படுகிறது.

அமேசான் பிரைமின் கணக்கு வேறு மாதிரியானது. மாதத்துக்கு 299, மூன்று மாதத்துக்கு 599, ஆண்டுக்கு 1,499 ரூபாய் என்னும் விலைகளில், ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினாலே ஏறக்குறைய ஆண்டுத் தொகை வந்துவிடுகிறது. ஆகவே இங்கே மாதாமாதம் போட்டு நிறுத்தும் முறை ஆண்டுக்கு நான்கு மாதத்துக்கு மேல் பார்க்காதவருக்கே லாபம். மேலும் இந்தச் சந்தாவில் பொருள்கள் வீட்டுக்கு வரும் வசதியும் கலந்திருக்கிறது. அதைத் தனியே பிரித்துப் பாருங்கள்: கடந்த ஆண்டில் எத்தனை முறை பொருள் வாங்கினீர்கள், சந்தா இல்லாவிட்டால் அவற்றுக்கு எவ்வளவு டெலிவரிக் கட்டணம் ஆகியிருக்கும்? அந்தத் தொகையே 1,499-ஐ நெருங்கினால் படம் பார்ப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நெருங்கவில்லை என்றால், மீதித் தொகைக்கு ஈடாகப் பிரைம் வீடியோ என்ன கொடுத்தது என்று கேட்க வேண்டும். 2025 ஜூன் முதல் அதில் விளம்பரங்கள் வருகின்றன. அவை வேண்டாமென்றால் மாதம் 129 அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. நிபந்தனை மாறும்போதெல்லாம் பழைய முடிவு காலாவதியாகிவிடுகிறது. விலையும் அப்படியே, கட்டும் அன்று செயலியில் காட்டப்படும் தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

சந்தாவே இல்லாமல் ஒரே ஒரு படத்தை வாடகைக்கு எடுக்கும் வழியும் உண்டு. பிரைம் வீடியோவில் அப்படி எடுக்கும் படத்தை 30 நாள்களுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பழைய தமிழ்ப் படங்களுக்கு யூடியூபில் உரிமையாளர்களே ஏற்றியுள்ள பிரதிகள் ஏராளம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷனின் சேனல்களும் பழைய நிகழ்ச்சிகளும் கிடைக்கின்றன. டெலிகிராமில் வரும் திருட்டுப் பிரதியை நான் மாற்று வழியாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் நிறைந்த ஊர் இது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாலஸிலிருக்கும் மகனின் கணக்கில் மயிலாப்பூரில் இருக்கும் பெற்றோர் படம் பார்த்த காலம் போய்விட்டது. 2023 ஜூலை முதல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரே வீட்டுக்கு என்ற விதியைக் கொண்டுவந்துவிட்டது. அந்த மகன் பெற்றோருக்காக இங்கே தனியாக 199 ரூபாய்த் திட்டத்தைப் போட்டுக்கொடுத்துவிடலாம். பெற்றோர் அதைப் பார்க்கிறார்களா என்பதை மட்டும் வாட்ஸ்அப்பில் கேட்காமல், ஊருக்கு வரும்போது பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். பிள்ளை கட்டுகிறானே என்பதற்காகவே 'நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்' என்று சொல்லும் பெற்றோர் உண்டு.

நிறுத்திப் பார்ப்பதும் முறையாக நிறுத்துவதும்

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் மனம் ஒருநிலைப்படவில்லை என்றால், நிறுத்திவிட்டு யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவது சற்றுக் குரூரம்தான், ஆனால் அதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. மாதச் சந்தாவை நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும்வரை பொதுவாகப் படம் ஓடும் என்பதால் எதுவும் வீணாவதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு செயலிகள் ஒரே வாரத்தில் காலாவதியாகும்படி செய்தேன். ஒன்றைப் பற்றி ஐந்து வாரம் ஆகியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்னொன்று நின்ற அன்றே இரவு ஒன்பதே முக்காலுக்கு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா என் அறை வாசலில் நின்றார். அந்தச் சந்தா இன்றும் தொடர்கிறது.

செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவது சந்தாவை நிறுத்துவதாகாது. அப்பாவின் இரண்டு நவம்பர்களே அதற்குச் சாட்சி. எந்த வழியாகப் பணம் கட்டத் தொடங்கினீர்களோ அந்த வழியாகவே நிறுத்த வேண்டும்: கூகுள் பிளே வழியாகப் போட்டதை அங்கேயும், ஐபோன் வழியாகப் போட்டதை அங்கேயும், நேரடியாகப் போட்டதை அந்தச் செயலியின் இணையப் பக்கத்தில் கணக்குப் பகுதியிலும், பிராட்பேண்டோடு வந்ததை அந்த நிறுவனத்திடமும். சந்தாவை நிறுத்திய பின் யூபிஐ ஆட்டோபே ஒப்புதலையும் தனியே ரத்து செய்துவிடுவது நல்லது. கடைசி நாள்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாள் முன்பே செய்துவிடுங்கள்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போது 'உண்மையிலேயே போகிறீர்களா' என்ற உருக்கமும், பாதி விலைக்குத் தருகிறோம் என்ற சலுகையும் வரலாம். சலுகையை ஏற்பதில் தவறில்லை. அது எத்தனை மாதத்துக்கு, அதன் பின் எந்த விலைக்குத் தாவும் என்பதைப் படித்துவிட்டு ஏற்க வேண்டும். நிறுத்தும் வழியையே ஒளித்துவைத்திருந்தால் அது வேறு. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று வகையான ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்கின்றன; சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறி அவற்றுள் ஒன்று. அப்படி நேர்ந்தால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதியலாம். நிறுத்தியதற்கான உறுதி மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆண்டுச் சந்தா போட்டவர்கள், போட்ட அன்றே புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். கைபேசி நினைவூட்டலை நான் நம்புவதில்லை, ஒரு விரல் அசைவில் அது மறைந்துவிடும். எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில், புதுப்பிப்புக்கு ஐந்து நாள் முந்தைய தாளைத் தேடி எடுத்து, நல்ல நேரத்துக்கும் ராகு காலத்துக்கும் கீழே 'அப்பா போன், பார்' என்று சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறோம். காலையில் தாளைக் கிழிப்பது அப்பாவின் வேலை.